சார்ஜரை விட்டுவிட்டுப் போன திருடன்

காரைக்கால் கோவில்பத்தில் இன்னும் கரண்ட் வரவில்லை. வாசலில் சாய்ந்து கிடந்த முருங்கை மரத்தை உமாமகேஸ்வரி அரிவாளால் கழித்துக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். புயல் போனதிலிருந்து படுக்கையைக் கண்ணால் பார்க்காதவர் என்று அந்த நடையே சொன்னது.

“துப்பறியற அம்மா வீடு இதுதானுங்களா?”

“இதுதான். போர்டு பறந்து போச்சு. உட்காருங்க” என்றார் உமாமகேஸ்வரி. பிறகுதான் நாற்காலிகளெல்லாம் மாடியில் காய்கின்றன என்பது நினைவுக்கு வந்தது.

வந்தவர் நின்றுகொண்டே பேசினார். பெயர் கார்த்திகேசன். கருக்களாச்சேரியில் நிவாரண வேலை பார்க்கும் ‘கரைத்துணை’ தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர். புயலில் கடற்கரை முழுக்க செல்போன் டவர்கள் படுத்துவிட்டன. ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் தொண்டர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வாக்கி-டாக்கிகள் இருந்தன. வெளியுலகத்தோடு பேச இருந்தது ஒரே ஒரு சாட்டிலைட் போன். அரசாங்க அனுமதியோடு வாங்கியது.

“அது காணோம்ங்க.”

உமாமகேஸ்வரி அரிவாளைக் கீழே வைத்தார். துப்பறிய வருவதற்கு முன் அவர் போலீஸ் வயர்லெஸ் பிரிவில் வேலை பார்த்தவர். முழங்கால் வலியும் விருப்ப ஓய்வும் ஒன்றாக வந்தன.

“கடலோரத்துல சாட்டிலைட் போன் காணாமப் போறதும் துப்பாக்கி காணாமப் போறதும் ஒண்ணு. தெரியும்ல?”

“இன்ஸ்பெக்டரும் அதையேதான் சொன்னாரு. போனுக்குக் கையெழுத்துப் போட்டவன் எங்க டெக்னீஷியன் முகிலன். சாயங்காலத்துக்குள்ள போன் வரலன்னா அவன் ஸ்டேஷனுக்கு வரணும்னுட்டாரு. கேஸ் ஆயிடுச்சுன்னா பையன் வாழ்க்கை போச்சு. எங்களுக்குக் குடுத்த அனுமதியும் போச்சு.”

“அவன் எடுத்திருப்பானா?”

“எடுத்திருந்தா நல்லாயிருக்கும்ங்க. எங்க வச்சேன்னு கேட்டு வாங்கிக்கலாம்.”

அப்போது பக்கத்துச் சந்திலிருந்து இரண்டு குடம் தண்ணீரோடு ஜெகபர் சாதிக் வந்தான். உமாமகேஸ்வரியின் ஒரே உதவியாளன். பாதி நாள் டிரைவர், மீதி நாள் வாயாடி.

“அக்கா, புருஷனைப் பின்தொடர்ற கேஸ்னா முன்னாடியே சொல்லிடுங்க. ஊர்ல எல்லாப் புருஷனும் இப்ப கூரை மேலதான் உட்காந்திருக்கான். நான் தெருவுலேர்ந்தே எண்ணிச் சொல்லிடுவேன்.”

“குடத்தை வச்சிட்டு டிராக்டர்ல ஏறு.”

“டிராக்டரா? என் நசீபு, கல்யாண ஊர்வலத்துக்குக்கூட ஆட்டோதான் கிடைச்சுது.”

வழியில் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தன. ஒரு வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை அடுத்த தெருக் குளத்தில் மிதந்தது. சாலையின் குறுக்கே மரம் கிடந்த இடங்களில் டிராக்டர் வயலில் இறங்கி ஏறியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உமாமகேஸ்வரி முழங்காலைப் பிடித்துக்கொண்டார். கார்த்திகேசன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

கருக்களாச்சேரியில் நிவாரண முகாம் இருந்தது புயல் பாதுகாப்புக் கட்டடத்தில். கீழே பெரிய கூடம். மேலே ஒரு நீள அறை, அதை மருத்துவ அறையாக்கியிருந்தார்கள். அதற்கும் மேலே மொட்டைமாடி. கூடமெங்கும் பாய், மூட்டை, கொடியில் ஈரத்துணி. ஜன்னலோரம், ஒரு சோலார் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு மேஜை. அதில் குழந்தைகள் தலைமாட்டில் வைக்கும் பொம்மைகளைப்போல வாக்கி-டாக்கிகள் வரிசையாக நின்றன. மேஜைக்குப் பின்னால் ஒல்லியான ஒருவன் பற்றவைப்புக் கம்பியோடு குனிந்திருந்தான். முகிலன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போகவேண்டியவன் செட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது எதுக்கு இப்ப?” என்றார் உமாமகேஸ்வரி.

“நான் போயிட்டா இதைப் பார்க்க ஆள் இல்லைங்க மேடம். போறதுக்குள்ள முடிஞ்சதை முடிச்சு வச்சிட்டா, இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.” திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன் என்று கார்த்திகேசன் சொல்லியிருந்தார். கண்ணுக்குக் கீழே இரண்டு கரும்பட்டைகள்.

மேஜை மேல் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே போன் வடிவத்தில் ஒரு பள்ளம். பக்கத்தில் சார்ஜர் வயர் சுருட்டி வைத்தபடியே இருந்தது. ஜன்னல் வழியாக ஒரு கேபிள் மொட்டைமாடிக்கு ஏறியது.

“எப்ப காணாமப் போச்சு?”

“முந்தாநாள் மதியம். மேல ரிப்பீட்டர் ஆன்டெனா சாஞ்சிடுச்சு. அது நிமிர்ந்து நின்னாதான் வாக்கியில பேசறது தூரத்துக்குப் போகும். நிமுத்திக் கட்டிட்டு வந்து பார்த்தா, பெட்டி இருக்கு, போன் இல்ல. அந்த நேரம் பார்த்து அரிசி லாரி வந்ததுனால கூடத்துல இருந்தவங்கல்லாம் வாசலுக்கு ஓடிட்டாங்க.”

“அந்த போன்ல பேச யாருக்கெல்லாம் தெரியும்?”

“எல்லாருக்கும். நான்தான் சொல்லிக்குடுத்தேன். யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்க எடுக்கணும். எந்தச் சேதி வந்தாலும் உடனே முகாம் முழுக்கக் கேட்கற மாதிரி மைக்குல சொல்லிடணும். அது என் சட்டம்.”

“எல்லாச் சேதியுமா?”

“எல்லாமும்தான். ஒருத்தர் காதுல மட்டும் சொன்னா அது நாலு காதுக்குப் போறதுக்குள்ள நாலு விதமா ஆயிடும். முதல் நாள் அப்படித்தான், திரும்பக் கடல் வருதுன்னு ஒருத்தர் சொல்லி, கூட்டம் படியில ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சு. ஒரு பெரியவருக்குக் கை ஒடைஞ்சிது. அதுக்கப்புறம் போட்ட சட்டம்.”

உமாமகேஸ்வரி சார்ஜரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சாதாரண செல்போனுக்குப் பொருந்தாத மெல்லிய உருண்டை முனை.

“சாதிக், போனைத் திருடறவன் இதை ஏன் விட்டுட்டுப் போறான்?”

“அவசரமா இருக்கும்.”

“பெட்டியைத் திறந்து, கேபிளைக் கழட்டி, போனை மட்டும் எடுத்திருக்கான். சார்ஜர் கைக்குப் பக்கத்துலயே இருக்கு. இங்க விட்டா ஊர்ல எங்கயும் கரண்ட் இல்ல. இது இல்லாம அந்த போன் எத்தனை நேரம் ஓடும்?”

சாதிக் தலையைச் சொறிந்தான். “பள்ளிவாசல்ல ஒரு தடவை என் செருப்புல ஒத்தைச் செருப்பை மட்டும் எவனோ எடுத்துட்டுப் போயிட்டான் அக்கா. நாள் பூரா யோசிச்சேன், ஒத்தைக் கால்காரன் எவன்டான்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, என் மச்சான். அவன் போட்டுக்க எடுக்கல. நான் ஊருக்குக் கிளம்பக் கூடாதுன்னு எடுத்திருக்கான்.”

உமாமகேஸ்வரி அவனையே பார்த்தார்.

“என்ன அக்கா?”

“அதேதான். தான் வச்சிக்கறதுக்காக எடுக்கல. இங்க இருக்கக் கூடாதுன்னு எடுத்திருக்காங்க.”

“அப்ப நான் ஒண்ணு கேட்கணும்” என்று சாதிக் கார்த்திகேசன் பக்கம் திரும்பினான். “சார், போன் இல்லாமப் போனதுல யாருக்கு நிம்மதி?”

கார்த்திகேசன் மறைக்கவில்லை. “எனக்குத்தான். சென்னை ஆபீஸ்லேர்ந்து ஓயாம கூப்பிடுவாங்க. படகுல நிக்கிற மாதிரி போட்டோ அனுப்பு, பேனர் தெரியற மாதிரி அனுப்பு. போன் தொலைஞ்ச அன்னைக்குத்தான் கொஞ்சம் கண்ணசந்தேன். எடுத்து ஒளிச்சு வைக்கணும்னு எனக்கு ஏன் தோணலன்னு இப்ப நெனைச்சா கஷ்டமா இருக்கு.”

“இப்படி வெளிப்படையா பேசறவரை எப்படி சார் சந்தேகப்படறது? எங்க தொழில் கெடுதுல்ல?” என்றான் சாதிக்.

“காணாமப் போறதுக்கு முன்னாடி போன் எதாவது வந்துச்சா?” என்று கேட்டார் உமாமகேஸ்வரி.

“காலையிலேர்ந்தே எதுவும் வரலங்க” என்றான் முகிலன். “ஒவ்வொருத்தரா கேட்டேன். யாரும் எடுக்கலன்னுட்டாங்க.”

கட்டடத்துக்குப் பின்புறம் தார்ப்பாய்க்குக் கீழே சமையல் நடந்தது. மூன்று கல் அடுப்பில் பெரிய அண்டா. அதை ஆளுயரக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தவளின் பெயர் காசியம்மா. புயலுக்கு முன்னால் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்தவள். இப்போது முகாமே அவள் கையில்தான் சாப்பிட்டது.

“தட்டு எடுத்துட்டு வரிசையில வாங்க” என்றாள் நிமிராமலே.

“சாப்பிட வரல ஆத்தா, விசாரிக்க வந்தோம்” என்றான் சாதிக். “ஆனா சாம்பார் வாசனை பார்த்தா விசாரணையை அப்புறம் வச்சிக்கலாம்னு தோணுது.”

“விசாரிக்கிறவங்களுக்கும் வயிறு இருக்குல்ல. தட்டு அங்க கெடக்கு.” அவள் நிமிர்ந்து உமாமகேஸ்வரியைப் பார்த்தாள். “போன் விசயமா? அந்தப் புள்ள முகிலன் எடுத்திருக்க மாட்டான், நீங்க எழுதிக்கங்க. எம்மவன் சேதி வருதான்னு ஒரு நாளைக்கு நூறு தரம் போயி நிப்பேன். ஒருநாளும் மொகம் சுளிக்கல.”

“உங்க மகன்?”

“முத்தையன். சசிதரன் படகுல போயிருக்கான். ரெண்டே பேருதான் படகுல. புயல் கூண்டு ஏத்துறதுக்கு முன்னயே போனவங்க. சசிதரன் பொண்டாட்டி ஜெயப்ரியா மேல படுத்திருக்கு, நெறமாசம். மத்த ஊர்க் கரைக்காரவங்ககிட்டல்லாம் இந்த போன் நம்பரைத்தான் குடுத்து வச்சிருக்கு. அதான் அது அடிச்சா எனக்குக் கரண்டி ஓடாது.”

“கடைசியா எப்ப அடிச்சுது?”

“முந்தாநா மதியம்.”

சாதிக் கையில் எடுத்திருந்த தட்டைக் கீழே வைத்தான்.

“நல்லா நெனைவு இருக்கா?” என்றார் உமாமகேஸ்வரி மெதுவாக.

“இல்லாம? அது சாதா போன் மாதிரியா அடிக்கும்? குருவிக்குஞ்சு கத்துறாப்புல ஒரு சத்தம். சோறு வடிச்சிட்டிருந்தேன், கொதிக்கிற கஞ்சி கையில. ஓடவும் முடியல. கொஞ்ச நேரம் அடிச்சுச்சு, நின்னுடுச்சு. யாரோ எடுத்துட்டாங்கன்னு மைக்குல என்ன சொல்லப் போறாங்கன்னு காதைக் குடுத்துக்கிட்டே நின்னேன். ஒண்ணும் சொல்லல. சரி, நமக்கு இல்லன்னு வடிக்க ஆரம்பிச்சிட்டேன்.”

உமாமகேஸ்வரி சாதிக்கோடு அங்கிருந்து நகர்ந்தார். சுவரோரம் வந்ததும் சாதிக் குரலைத் தாழ்த்தினான். “அக்கா, அடிச்சிருக்கு, எடுத்திருக்காங்க, எடுக்கலன்னு சொல்றாங்க.”

“ஆமா. போனைத் திருடல சாதிக். சேதியைத் திருடியிருக்காங்க.”

“என்ன சேதி?”

“மைக்குல சொல்ல முடியாத சேதி.”

அவன் அதற்கு வேடிக்கையாக ஏதோ சொல்ல வாயெடுத்தான். திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்தான்.

லாரி வந்த நேரத்தில் கூடத்திலிருந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடியிருந்தார்கள். முகிலன் மொட்டைமாடியில். காசியம்மாவை விட்டால், லாரிக்காக ஓட முடியாதவர்கள் நடுமாடி மருத்துவ அறையில் இருந்தவர்கள் மட்டும்தான். உமாமகேஸ்வரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் படி ஏறினார். ஒவ்வொரு படியிலும் முழங்கால் ஒரு முறை முனகியது.

அறையில் நான்கு கட்டில்கள். ஒன்றில்தான் ஆள். ஜெயப்ரியா பக்கவாட்டில் படுத்திருந்தாள். கால்கள் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. பக்கத்தில் நர்ஸ் ஷர்மிளா பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கலாம். மீட்டரில் வந்த எண்ணைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு பட்டையைக் கழற்றினாள்.

“எப்படி இருக்கு?”

“கூடத்தான் இருக்கு மேடம். டாக்டர் வந்து பார்த்துட்டு, டிராக்டர்ல குலுக்கிக்கிட்டுப் போகக் கூடாது, ரோட்டுல மரத்தை எடுத்ததும் ஆம்புலன்ஸ் அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் இவங்க பதட்டப்படவே கூடாது.”

ஜெயப்ரியா தலையைத் திருப்பினாள். “நீங்க வயர்லெஸ்ல இருந்தவங்களாமேக்கா. கீழ பேசிக்கிட்டாங்க. எங்க படகு சேதி எதாவது தெரியுமா?”

“இப்பதாம்மா வந்தேன். விசாரிக்கிறேன்.”

“இந்த ரேடியோவாவது எதாவது சொல்லும்னு பார்த்தா, முந்தாநாளேர்ந்து அதுவும் வாயை மூடிக்கிச்சு.”

தலைமாட்டு ஜன்னலில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது.

“பேட்டரி தீர்ந்துடுச்சு” என்றாள் ஷர்மிளா சட்டென்று. “அடுத்த லாரியில சொல்லியிருக்கேன்.”

உமாமகேஸ்வரி ரேடியோவைக் கையில் எடுத்தார். ஒரு வேலையுமில்லாமல் எடுத்ததுபோலத்தான் எடுத்தார். பின்பக்கம் மூடியைத் தள்ளினார். உள்ளே நான்கு செல்கள், துருவில்லாமல், புதிதாக. இரண்டு சரியாக இருந்தன. இரண்டு தலைகீழாக இருந்தன.

சாதிக்கும் எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்தான். உமாமகேஸ்வரி அவனைப் பார்த்த பார்வையில் திறந்த வாயை அப்படியே ஜெயப்ரியா பக்கம் திருப்பினான்.

“ரேடியோவை விடு தங்கச்சி. புயலுக்கு முன்னாடி நல்ல மழை பெய்யும்னுதான் அதுவும் சொல்லிச்சு. நல்ல மழையாம்ல.”

ஜெயப்ரியா லேசாகச் சிரித்தாள். உமாமகேஸ்வரி மூடியை மூடி ரேடியோவை இருந்த இடத்திலேயே வைத்தார். “ஷர்மிளா, கொஞ்சம் படி வரைக்கும் வாங்க. மருந்து விஷயமா கேட்கணும்.”

படித் திருப்பத்தில் நின்றதும் ஷர்மிளாவே சுவரில் சாய்ந்துகொண்டாள். எதுவும் கேட்பதற்கு முன்பே அவள் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

“பேட்டரி தீரல” என்றார் உமாமகேஸ்வரி. “திரும்பியிருக்கு. ரேடியோ வாயை அடைச்ச கைதான் போன் வாயையும் அடைச்சிருக்கு. போன்ல என்ன சொன்னாங்க?”

அவள் படியில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அழக்கூட தெம்பில்லாதவள்போல, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சுடுதண்ணி எடுக்க இறங்கினேன். கூடத்துல ஒருத்தரும் இல்ல. போன் அடிச்சுது, எடுத்தேன். ஆந்திராக் கரையிலேர்ந்து. படகு உடைஞ்சு ஒதுங்கியிருக்குன்னாங்க. ஒரு உடம்பு கிடைச்சிருக்கு, மழைக்கோட்டுப் பையில சசிதரன்னு மீனவர் அட்டை இருக்கு, இன்னொருத்தரைக் காணோம்னாங்க. ஊர்ல சொல்லிடுங்கன்னாங்க.”

சாதிக் மெல்லப் படியில் அமர்ந்தான்.

“அந்த நேரத்துல அவங்க பிரஷர் என்ன இருந்துச்சு தெரியுமா மேடம்? கேட்டா வலிப்பு வந்துடும். வலிப்பு வந்தா இங்க என்னால ஒண்ணும் செய்ய முடியாது. தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. முகிலன் காதுல விழுந்தா மைக்குல சொல்லிடுவான். போனை வச்சிட்டு வந்தா, அவங்க திரும்பக் கூப்பிடுவாங்க, யாராவது எடுப்பாங்க, மைக்குல சொல்லிடுவாங்க. நான் என்ன செய்யணும்? கையில போன் இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டேன்.”

“முகிலனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டது தெரியுமா?”

“தெரியும்.” அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள். “குழந்தை பொறந்துடுச்சுன்னா நானே போயி சொல்லிடலாம்னு இருந்தேன். நேத்தே வலி எடுக்கும்னு நெனச்சேன். எடுக்கல. இன்னைக்கும் எடுக்கல. அவன் கீழ செட் ரிப்பேர் பண்ற சத்தம் மேல கேட்டுக்கிட்டே இருக்கு. அதைக் கேட்டுக்கிட்டே எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியல மேடம்.”

“போன் எங்க?”

“பிரசவப் பெட்டியில. உள்ள வச்சிட்டு திரும்ப சீல் ஒட்டிட்டேன். அவங்களுக்கு வலி எடுத்தாதான் பிரிப்போம்.”

பெட்டியைப் பிரித்தார்கள். கையுறைகளுக்கும் பஞ்சுக்கும் நடுவே கறுத்த போன் தூங்கியது. மாடிப்படியில் முகிலனும் கார்த்திகேசனும் வந்து நின்றார்கள். முகிலன் போனைப் பார்த்தான், பிறகு ஷர்மிளாவை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா?”

“மைக்குல சொல்லியிருப்பேன்” என்றான்.

கார்த்திகேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இன்ஸ்பெக்டருக்கு என்னன்னு சொல்றது?”

“போன் மருந்துப் பெட்டிக்குள்ள இருந்துச்சு, இப்ப கிடைச்சிடுச்சுன்னு சொல்லுங்க” என்றார் உமாமகேஸ்வரி. “அதுல ஒரு எழுத்தும் பொய் இல்ல. மேல கேட்டா என்னைப் பார்க்கச் சொல்லுங்க. இப்ப முதல்ல இதை உயிர்ப்பிக்கணும். கரைக்காரங்க சேதி சொன்னதோட விட்டிருக்க மாட்டாங்க. உடம்பை வாங்கிக்க ஆள் கேட்பாங்க.”

சாட்டிலைட் போனுக்கு வானம் தெரியவேண்டும். மொட்டைமாடிக்குப் போனார்கள். முகிலன் போனின் பருத்த ஆன்டெனாவைப் புரட்டி நிமிர்த்தி, வானத்தைப் பார்க்கப் பிடித்தான். திரையில் வெகுநேரம் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே கடல் ஒன்றும் செய்யாததுபோலக் கிடந்தது.

பிறகு போன் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது.

“தவறிப்போன அழைப்புங்க” என்றான் முகிலன். “எல்லாம் ஒரே நம்பர். நேத்துலேர்ந்து.”

“திரும்பக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.”

எதிர்முனையில் ஒரு பெண் தெலுங்கில் ஏதோ கேட்டாள். ஆஸ்பத்திரி என்ற சொல் மட்டும் புரிந்தது. முகிலன் காரைக்கால், கருக்களாச்சேரி என்று திரும்பத் திரும்பச் சொன்னான். “உண்டண்டி, உண்டண்டி” என்றாள் அவள், காத்திருக்கச் சொல்வதுபோல. யாரோ செருப்பை இழுத்துக்கொண்டு ஓடும் சத்தம். நெடுநேரம் இரைச்சல்.

“ஹலோ” என்றது ஒரு ஆண் குரல், கரகரவென்று. “கருக்களாச்சேரிங்களா? ஜெயப்ரியா இருக்காளா? எப்படி இருக்கா?”

“நீங்க யாரு?” என்றார் உமாமகேஸ்வரி.

வானத்துக்குப் போய் வருவதற்குள் ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த மூச்சை மாடியில் யாரும் விடவில்லை.

“நான் சசிதரன்ங்க. அவ வீட்டுக்காரன்.”

ஷர்மிளா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வேற படகுக்காரங்க என்னைத் தூக்கிப் போட்டுக் கொண்டாந்திருக்காங்க. நேத்துதான் கண்ணு முழிச்சேன். முழிச்சதுலேர்ந்து அடிக்கிறேன், ஒருத்தரும் எடுக்கல. அவ நம்பரும் போகல. ஊரே போயிடுச்சோன்னு நெனச்சிட்டேன். இங்க நான் செத்துட்டதா வேற எழுதி வச்சிருக்காங்க.”

“உங்க அட்டை ஒரு மழைக்கோட்டுல இருந்துச்சாம்.”

மறுபடியும் அந்த ஒரு மூச்சு இடைவெளி. இந்தமுறை அது முடிந்த பிறகும் குரல் வரவில்லை.

“முத்தையன் குளுருது குளுருதுன்னான்” என்றது குரல் கடைசியில். “என் கோட்டைக் கழட்டி அவனுக்கு மாட்டிவிட்டேன். பலகையைப் பிடிச்சிக்கிட்டுத்தான் ரெண்டு பேரும் கிடந்தோம். விடிஞ்சு பார்க்கறப்ப அவன் பக்கத்துல இல்ல. அவங்கம்மாகிட்ட…” அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

உமாமகேஸ்வரி ஷர்மிளாவைத் திரும்பிப் பார்த்தார். “நல்ல சேதிக்கும் பிரஷர் ஏறும்ல?”

“ஏறட்டும் மேடம்” என்றாள் அவள். “இதை நான் பார்த்துக்கறேன்.”

அறைக்குள் சிக்னல் கிடைக்காது. ஜெயப்ரியாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, சாதிக்கும் முகிலனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மருத்துவ அறைக்கு வெளியே இருந்த திறந்த பால்கனிக்குத் தூக்கி வந்தார்கள். “மெதுவாப் பேசு தங்கச்சி, வானத்துக்குப் போயி வருது” என்றான் சாதிக். “சண்டை போடறதா இருந்தாலும் ஒரு வரி போட்டுட்டு நிறுத்தி நிதானமாப் போடு.”

ஷர்மிளா அவள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி மண்டியிட்டாள். முதலில் பேசுவது யாரென்று சொன்னாள். உயிரோடு இருக்கிறார் என்று இரண்டு தடவை சொன்னாள். அதற்குப் பிறகுதான் போனைக் காதில் வைத்தாள். ஜெயப்ரியா கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிப் போனை நனைத்தது. வெகுநேரம் கழித்து, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

கீழே அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. காசியம்மா தார்ப்பாய்க்கு வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு பேசறா? படகு சேதியா?” என்று கத்தினாள். “மைக்குல சொல்லுங்களேன்!”

முகிலன் பால்கனிச் சுவரைப் பிடித்தபடி நின்றான். மைக் கூடத்து மேஜையில் இருந்தது. அவன் அசையவில்லை.

ஷர்மிளா எழுந்தாள். ஜெயப்ரியாவின் கையை முகிலன் கையில் வைத்தாள். “நாடி படபடன்னு அடிச்சா என்னைக் கூப்பிடு.”

“நான் வரவா?” என்றார் உமாமகேஸ்வரி.

“வேணாம் மேடம். முந்தாநாளே நான் போயிருக்கணும்.”

அவள் படியிறங்குவதை மேலிருந்து பார்த்தார்கள். சேற்றைத் தாண்டி, வரிசையில் நின்றவர்களைத் தாண்டி, அடுப்படிக்குப் போனாள். காசியம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். குனிந்து, எரிந்துகொண்டிருந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். சோறு தீய்ந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தவளைப்போல எல்லாவற்றையும் இழுத்து முடித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஷர்மிளாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் என்ன சொன்னாள் என்பது மேலே கேட்கவில்லை. காசியம்மாவின் குரல் கேட்டது.

சாதிக் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “கேஸ் முடிஞ்சுதுல்ல அக்கா. போலாமா?”

உமாமகேஸ்வரி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். குழந்தைகளும் நின்றார்கள்.

“இரு” என்றார் அவர், முழங்காலை ஒருமுறை தேய்த்துவிட்டு. “சோறு வெந்துடுச்சு. யாராவது போடணும்.”

சாதிக் அவருக்கு முன்னால் இறங்கிப் போய், கரண்டியை எடுத்தான்.